செபஸ்தியான் இன்னும் இறங்கவில்லை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஃபேனுக்குக் கீழே இடம் இருக்கிறது. சுவரோரம் சாய்ந்துகொள்கிறவர்கள் சாய்ந்துகொள்ளுங்கள், கால் நீட்ட வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பேய்க்கதை சொல்லப் போகிறேன். பயந்துவிடாதீர்கள். இதில் வெள்ளைப் புடவை கிடையாது, கொலுசுச் சத்தமும் கிடையாது. ஒரே ஒரு நாற்காலிதான் சத்தம் போடும். அதுவும் நட்டநடு ராத்திரியில் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில், அடையாறில், நாலு பேர் நடமாடுகிற ஆபீசில்.

அந்தச் சத்தம் ஹம்சினியின் காதில் விழுந்தது தை பிறந்த முதல் வாரத்தில், ஒரு திங்கட்கிழமை.

ஹம்சினிக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்தெரு. வேலை அடையாறில் ஒரு வானிலை ஆராய்ச்சி நிலையத்தில். அந்த இடத்தின் பெயர் நமக்கு வேண்டாம். பூமிக்கு மேலே இருக்கிற காற்று முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் கணக்காக எழுதி வைத்து, இன்னும் ஐம்பது வருஷத்தில், நூறு வருஷத்தில் வெயில் எப்படி இருக்கும், மழை எப்படி இருக்கும் என்று பார்க்கிற கூட்டத்துக்கு அவள் தலைவி. அந்தக் கணக்குக் காற்றைத்தான் காலநிலை மாதிரி என்கிறார்கள். அவர்கள் வாயில் அது வெறும் மாடல்.

அந்த நிலையத்தின் மொட்டை மாடியிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு வெள்ளைப் பலூனைப் பறக்க விடுவார்கள். பலூனுக்கு அடியில் நூல் கட்டி, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும். போகிற வழியெல்லாம் அந்தப் பெட்டி எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். கீழே ரிசீவர் அறையில் ஒருவர் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டிருப்பார். முப்பது கிலோமீட்டர் உயரம் போனதும் பலூன் பெருத்து வெடித்துவிடும். பெட்டி ஒரு சின்னப் பாராசூட்டில் தொங்கிக்கொண்டு கீழே வந்து, பெரும்பாலும் கடலில் விழும். ஆனால் பலூன் வெடித்ததுமே கீழே இருப்பவருக்கு வேலை முடிந்துவிடும். ரிசீவரை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆகவே ஏழு மணிக்கு அந்த அறையில் ஈ காக்கை இருக்காது.

அந்தத் திங்கட்கிழமை ஏழு மணிக்கு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய ஹம்சினி, ரிசீவர் அறையைத் தாண்டும்போது நின்றாள். உள்ளே நாற்காலி கிறீச்சென்றது. முன்னால் குனிந்து பார்க்கிற ஆள் மறுபடி பின்னால் சாய்ந்தால் வருமே, அந்தச் சத்தம். எட்டிப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. ரிசீவர் அணைந்திருந்தது. ஆள் இல்லை.

வாட்ச்மேன் கபாலி கையில் சாவிக்கொத்தோடு வராந்தா முனையில் உட்கார்ந்திருந்தார்.

"கபாலி, உள்ள யாரு?"

"யாரும் இல்லியே மேடம்."

"நாற்காலி சத்தம் கேட்டுதே."

"ஓ, அதுவா? அது செபஸ்தி சாரு. ஏழர மணிக்குப் போய்டுவாரு. நீங்க கெளம்புங்க, பனி வுழுந்துக்கினு கீது."

ஹம்சினியின் கை பையின் வாரை இறுக்கிப் பிடித்தது. "செபஸ்தியான் போய் ஏழு வருஷம் ஆச்சு கபாலி."

"போனா இன்னா மேடம்? பொட்டி இன்னும் மேலதான கீது? அது எறங்காம அவரு எப்டி எழுந்து போவாரு?" நேற்று குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்கிற மாதிரிதான் கபாலி அதைச் சொன்னார். "நீங்க அஞ்சரைக்கே போய்டுவீங்க, அதான் தெரில. நான் ஏழரைக்கு அப்பாலதான் பூட்டுவேன். முன்னாடி பூட்டுனா மறுநாள் பூட்டு தொறக்காது. ரெண்டு தபா பார்த்துட்டேன். ஸ்டோர்ல எண்ண கேட்டு எழுதிக் குடுத்தேன். பூட்டு மக்கர்னுதான் எழுதுனேன். பேய்னு எழுதுனா எண்ண குடுப்பாங்களா?"

ஹம்சினிக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் ஏறி லஸ் ஸ்டாப் வரும் வரைக்கும் அவள் காதில் நாற்காலி கேட்டுக்கொண்டே இருந்தது. அதோடு கூட ஒரு குரலும் கேட்டது. அது செபஸ்தியானின் குரல் இல்லை. அவளுடைய குரலேதான்.

என்ன சொன்ன குரல் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்களை ஒரு பதினேழு கிலோமீட்டர் மேலே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

சென்னைக்கு நேர் மேலே ஏற ஏறக் குளிரும். ஊட்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஆனால் குளிர் ஏறிக்கொண்டே போகாது. ஏறத்தாழ பதினேழு கிலோமீட்டரில் ஓர் எல்லை வரும். ட்ரோப்போபாஸ் என்று அதற்குப் பெயர். அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரியையும் தாண்டும். அதற்கு மேலே காற்று மறுபடி சூடாகத் தொடங்குகிறது. அந்தத் திருப்பம் சாதுவான வளைவாக இருக்காது. மடக்கின முழங்கை மாதிரி வெடுக்கென்று, சில நூறு மீட்டருக்குள் திரும்பிவிடும். கடலிலிருந்து கிளம்பி மேலே போகிற நீராவி அந்த முழங்கையில் உறைந்து உதிர்ந்துவிடுகிறது. தப்பித்து மேலே போவது ஒரு துளிதான். அந்தத் துளிக்குப் பூமியைப் போர்த்திச் சூடேற்றுகிற குணம் உண்டு. ஆகையால் முழங்கையின் குளிரை இரண்டு மூன்று டிகிரி தப்பாகப் போட்டால், அந்தத் துளியின் கணக்கு தப்பும். அப்புறம் நம் பேரன் பேத்திகள் காலத்து வெயில் கணக்கும் தப்பும்.

ஹம்சினியின் பழைய மாடல் அதைத் தப்பாகத்தான் போட்டது. ஏனென்றால் மாடல் காற்றை அடுக்கடுக்காக வெட்டி வைத்திருக்கும். அந்த உயரத்தில் ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். முழங்கை நடுவில் விழுந்து காணாமல் போய்விடும். மாடல் தனக்குத் தெரிந்த இரண்டு புள்ளிகளை வழுவழுவென்று ஒரு கோட்டால் இணைத்துவிட்டு, "இங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லும்.

இந்த வருஷம்தான் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அடுக்குகளை முந்நூறு மீட்டருக்கு ஒன்றாக நெருக்கி வைத்து ஹம்சினி மாடலை ஓட விட்டாள். அதற்காகத்தான் அந்த வாரம் அவள் சாயங்காலங்களில் தங்கினாள்.

செவ்வாய்க்கிழமை ஓட்டம் முடிந்தது. சென்னைக்கு மேலே இருக்கிற குளிர்க்கோடு திரையில் வந்தது. பதினாறு கிலோமீட்டர் வரை சாதாரணமாகப் போன கோடு, பதினேழில் ஆழமாகக் குத்தி, வெடுக்கென்று திரும்பியது. முழங்கை.

அதைப் பார்த்ததும் ஹம்சினி திரைக்குக் கிட்டே குனிந்தாள். அந்த முழங்கையை அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பதினோரு தாள்களில் பார்த்திருக்கிறாள். பதினொன்றும் செபஸ்தியான் ரிசீவரில் இருந்த நாட்களில் எடுத்தவை.

மாடல் சொல்வதைப் பலூன் பதிவுகளோடு ஒப்பிட ஒரு சோதனை நிரல் உண்டு. அதை எழுதியவளும் ஹம்சினிதான். பழக்கத்தில் அதை ஓட்டினாள். திரையில் முழங்கை இருந்த இடத்தில் சிவப்பாகச் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள், ஈ மொய்க்கிற மாதிரி, வந்து உட்கார்ந்தன. கீழே ஒரு வரி வந்தது: நம்பகமற்ற பதிவு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தச் சோதனை இதே வரியைத்தான் சொன்னது. அன்றைக்கு அவள் அதை நம்பி, ஒரு மனிதரின் பெயருக்குப் பக்கத்தில் எழுதினாள்.

செபஸ்தியான் ரிசீவர் அறைப் பதிவாளர், பெட்டி சொல்கிற எண்களை வாங்கிப் பதிந்து அனுப்புகிறவர். கொட்டிவாக்கம் கடற்கரைக் குப்பத்துக்காரர். அப்பா, சித்தப்பா எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் ஒருவர்தான் படித்து ஆபீசுக்கு வந்தார். மற்ற பதிவாளர்கள் இயந்திரம் மேடுபள்ளம் இல்லாமல் இழைத்துக் கொடுக்கிற எண்களை அனுப்புவார்கள். இவர் பெட்டி இரண்டு விநாடிக்கு ஒரு தரம் சொல்வதை அப்படியே, ஒன்றையும் இழைக்காமல் அனுப்பினார். அதனால் இவர் முறையில் மட்டும் முழங்கை வந்தது. ஹம்சினியின் சோதனை பதினொன்றையும் தூக்கி எறிந்தது. இவர் கைக்கு மட்டும் ஏன் இப்படி வருகிறது, எண்களைக் கையால் மாற்றுகிறாரா என்று விசாரணை வைத்தார்கள்.

செபஸ்தியான் வெள்ளை அரைக்கைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு பழுப்பு உறை.

"மேல போம்போது கருவியில ஐஸ் புடிச்சு பொய் சொல்லிட்டுதுன்னு சொல்றீங்க மேடம். சரி, வச்சிக்குவோம். நான் பொட்டி கீழ வர்றதையும் புடிச்சி வச்சிருக்கேன். வேகமா வர்றதால கொஞ்சம் மழுங்கிக் கீது, கொஞ்சம் தாழ்ந்து கீது. ஆனா அதே எடத்துல, அதே மாரி மடங்குது. போம்போது ஒரு பொய், வரும்போது அதே பொய்யா சொல்லும்?"

ஹம்சினிக்கு அன்று மதியம் வேறு ஒரு கூட்டம் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இறங்கும்போது எடுத்ததெல்லாம் கணக்குல வராது, மிஸ்டர் செபஸ்தியான்."

அவர் உறையைப் பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டார்.

அறிக்கையில் ‘நம்பகமற்ற பதிவாளர்’ என்று எழுதி ஹம்சினி கையெழுத்துப் போட்டாள். அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பல்பும் பினாயிலும் எடுத்துக் கொடுக்கிற வேலை. இரண்டு வருஷத்தில் இறந்துபோனார்.

பஸ்ஸில் கேட்ட குரல் இதுதான் கண்ணுகளா. இறங்கும்போது எடுத்ததெல்லாம் கணக்கில் வராது.

தி. நகரில் முன்பெல்லாம் ஸ்டூடியோக்காரர்கள் படத்தில் கன்னத்து மச்சத்தை அழித்துக் கொடுப்பார்கள். மச்சத்தை அழித்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மச்சத்தோடு வந்து நிற்கிற பெண்ணை "இது நீ இல்லை" என்று வாசலோடு அனுப்பினால் எப்படி இருக்கும்? நடந்தது அதுதான். முழங்கையைப் பார்க்கத் தெரியாத மாடலை வைத்துப் பலூன் பதிவுகளைச் சுத்தம் செய்தார்கள். சுத்தம் செய்த பதிவுகளைக் காட்டி மாடல் சரி என்றார்கள். ஒன்றுக்கொன்று சாட்சி. நடுவில் ஒரு மனிதர் போய்விட்டார்.

புதன்கிழமை ஹம்சினி இயக்குநர் தணிகாசலத்தின் அறைக்குப் போனாள்.

"வெள்ளிக்கிழமை கட்டுரைய அனுப்பணும் ஹம்சினி. பழைய ஓட்டம் பதிவோட அப்படியே ஒட்டுது. புதுசு ஒட்டலை. இதுல யோசிக்க என்ன இருக்கு? பழசையே போடுங்க."

"ஒட்டாததை எல்லாம் நாமதான் சார் அழிச்சுட்டோம். மிச்சம் ஒட்டாம என்ன பண்ணும்?"

தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஆள் விஷயமா?"

"அவர் எழுதினது நிஜம் சார். அந்த ரெண்டு வார்த்தையை எடுக்கணும்."

"நாளைக்கு இழைக்காம ஒரு பலூன் விட்டா முழங்கை வரலாம். அதனால அன்னிக்கு அவர் கையால எழுதலைன்னு ஆயிடுமா? பதினோரு பதிவும் அழிச்சாச்சு. என்ன ஆதாரம் வெச்சிருக்கீங்க?" அவர் குரலைத் தாழ்த்தினார். கெட்டவர் இல்லை அவர், பயந்தவர். "அந்த அறிக்கையில இருக்கறது உங்க கையெழுத்து. தோண்டினா மொதல்ல வெளியில வர்றது உங்க பேருதான். செத்துப்போனவருக்கு இனிமே என்னம்மா?"

அவள் வெளியே வந்தபோது மணி ஏழு. ரிசீவர் அறையில் நாற்காலி ஒரு தரம் கிறீச்சென்றது. கபாலி தலையைக்கூடத் தூக்கவில்லை.

வீட்டில் அவள் கணவர் சாய்சரண் வயலின் வாத்தியார். அமெரிக்காவில் இருக்கிற ஒரு பெண்ணுக்குக் கம்ப்யூட்டரில் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அங்கே கீபோர்டில் வாசித்தாள். பாடம் முடிந்து திரையை மூடினதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"கர்மம். தோடியைக் கீபோர்டுல வாசிக்கறேன்னு அடம் பிடிக்கிறா. ரெண்டு கட்டைக்கு நடுவுல இருக்கறதுதான் தோடியே. அது எங்க இருக்குன்னு அந்தப் பொட்டிக்குத் தெரியுமா?" பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். "என்ன ஹம்சி, தட்டைப் பார்த்துண்டே உக்காந்திருக்க? ரசம் ஆறிப்போச்சு."

"சாய், நான் ஒருத்தரை இந்த மாதிரிப் பண்ணிட்டேன்."

"எந்த மாதிரி?"

"கட்டைக்கு நடுவுல இருந்தார். இல்லவே இல்லைன்னுட்டேன்."

சாய்சரண் கம்ப்யூட்டரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "அவர் ஆம் எங்க இருக்கு, எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை ஹம்சினி லீவு போட்டாள். ஈ.சி.ஆர். ரோட்டில் கொட்டிவாக்கத்தில் இறங்கி, அப்பார்ட்மெண்டுகளைத் தாண்டி, கடலைப் பார்த்துப் போகிற சந்தில் நடந்தாள். கடைசி வரிசையில் நீலச் சுவர் வீடு. வாசல்படி தெரியவில்லை. கடற்காற்று கொண்டுவந்து கொட்டின மணல் படியை மூடி, கதவின் அடிப்பலகை வரை ஏறி இருந்தது. பக்கத்து வாசல்களெல்லாம் பெருக்கிக் கோலம் போட்டுப் பளிச்சென்று இருந்தன.

வீட்டோரத்தில் ஒரு பெண்மணி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். செபஸ்தியானின் மனைவி சொர்ணம்.

"யாரும்மா? மீன் வாங்க வந்த மாரி தெரிலியே."

"நான் ஹம்சினி. அடையாறு ஆபீஸ்லேருந்து வர்றேன்."

கூடை கழுவுகிற கை நின்றது. சொர்ணம் திரும்பாமலே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏஞ்சலு, உங்கப்பன ஸ்டோர்ல தூக்கிப் போட்டவங்க வந்துகிறாங்க. நாற்காலி எடுத்துப் போடு. பட்டுனு ஒக்காந்துட்டு எழுந்து போவட்டும்."

மகள் ஏஞ்சல் வந்து நின்றாள். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அன்றைக்குப் பரீட்சைத் தாள் திருத்த வீட்டில் இருந்தாள். "வாங்க மேடம். மணல்ல பார்த்து கால் வைங்க. அம்மா வாசல் பெருக்கறது இல்ல."

உள்ளே சுவர்ப் பலகையில் வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. முப்பது நாற்பது இருக்கும். ஒவ்வொன்றிலும் அழியாத மையில் ஒரே கையெழுத்து: கிடைத்தால் இந்த எண்ணுக்குச் சொல்லவும். கீழே செபஸ்தியானின் போன் நம்பர்.

"வலையில மாட்டும். கரைக்காரங்க கொண்டாந்து குடுப்பாங்க" என்றார் சொர்ணம். "அவரு போனு இப்ப என்கிட்ட கீது. போன மாசங்கூட ஒருத்தர் பழவேற்காட்லேர்ந்து பண்ணாரு. ஒரு பொட்டி கெடச்சிக்கிதுன்னு. ஒம்போது வருசம் தண்ணியில கெடந்த பொட்டி. எழுத்து கரையல பாரு."

ஹம்சினி பெட்டியைத் தொடவில்லை. "வாசல் ஏன் பெருக்கறது இல்லை?" என்று கேட்டாள்.

"உங்க வூட்ல ஆளு வெளிய போனதும் பெருக்குவீங்களா?"

"மாட்டோம். அவா ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் பெருக்கக் கூடாது."

"அதேதான். கடலுக்குப் போறவன் வூட்ல, படகு கர ஏறுற வரிக்கும் தொடப்பத்தத் தொட மாட்டோம். இவரு கடலுக்குப் போவல. ஆனா பொட்டிய அனுப்புனா அது கீழ வர்ற வரிக்கும் மிஷின அமத்த மாட்டாரு. எல்லாரும் டீ குடிக்கப் போய்டுவாங்க, இவரு ஒக்காந்துக்கினே இருப்பாரு. இன்னாத்துக்கு இப்டி லேட்டா வரேன்னு நான் கத்துவேன். அனுப்பிட்டு ஒடனே வாசலப் பெருக்குன மாரி இருக்கும் சொர்ணம், மனசு வல்லன்னுவாரு." சொர்ணம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "கடைசி அன்னிக்கு ஆஸ்பத்திரியில, 'நான் இன்னும் எறங்கல சொர்ணம்'னாரு. காய்ச்சல்ல ஒளர்றாருன்னு நெனச்சேன். வூட்டுக்கு வந்து தொடப்பத்த எடுத்தேன். கை ஓடல. அப்பால எடுக்கவே இல்ல."

அப்போதுதான் ஹம்சினிக்குப் புரிந்தது. பதிவுகளைச் சுத்தம் செய்தேன் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாளே, அது என்ன காரியம் என்று. அந்த மனிதர் இன்னும் வழியில் இருக்கும்போதே அவள் வாசலைப் பெருக்கிவிட்டாள்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்மா" என்றாள். "அவர் எழுதினது நிஜம். எங்க கம்ப்யூட்டரே இப்போ அதைத்தான் சொல்றது. அந்த ரெண்டு வார்த்தையை நான் எடுக்கணும். அவர்கிட்ட ஒரு உறை இருந்தது."

ஏஞ்சல் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "உங்க கம்ப்யூட்டர் சொன்னாத்தான் எங்கப்பா நல்லவரா? சரி. அந்தக் கவர அவரு பைபிளுக்குள்ள வெச்சிருந்தாரு." உள்ளே போய்க் கொண்டுவந்தாள். ஒட்டின ஒட்டு அப்படியே இருந்தது. நீட்டின கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "சும்மா தூக்கிக்கினு போவ வுட மாட்டேன் மேடம். அன்னிக்கு உங்க முன்னாடிதான இத்தப் பிரிக்க வந்தாரு? இப்ப நீங்களே பிரிங்க. பிரிச்சி சத்தமாப் படிங்க. எங்கம்மா கேக்கணும்."

ஹம்சினி பிரித்தாள். பதினோரு தாள்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பத்தி எண்கள்: ஏறினது, இறங்கினது. குளிர் உச்சத்துக்கு வந்த இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு சின்னச் சிலுவை. அவளுடைய திரையில் சிவப்புக் குறுக்குக் கோடுகள் வந்து உட்கார்ந்ததே, அதே உயரம்.

அவள் இறங்கின பத்தியைப் படித்தாள். "பத்தொன்பதாயிரம் மீட்டர், மைனஸ் எழுபது. பதினெட்டாயிரம், மைனஸ் எழுபத்தாறு. பதினேழாயிரத்து முந்நூறு, மைனஸ் எண்பது. பதினேழாயிரம், மைனஸ் எண்பத்து மூணு..." ஒரு தாள் முடிந்து அடுத்தது. கோவிலில் மாதாவின் மன்றாட்டுக்குப் பதில் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு சிலுவை வரும்போதும் சொர்ணம் "ஆமா" என்றார். பதினொன்றாவது தாள் முடிகிற இடத்தில் காற்று எழும்பிப் பலகையில் இருந்த பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மூன்று பேரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை கட்டுரை போகவில்லை. அதற்குப் பதிலாக ஹம்சினி ஒரு கடிதம் எழுதினாள். பதினோரு பதிவும் உண்மை, இறங்கும்போது எடுத்த எண்களே சாட்சி. சோதனை நிரலை எழுதியவள் நான், தவறு என்னுடையது. பதிவாளரின் பெயருக்கு எதிரே உள்ள இரண்டு வார்த்தைகளையும் நீக்க வேண்டும். கட்டுரை வெளியாகும்போது முதல் பெயராக செபஸ்தியானின் பெயர் இருக்க வேண்டும். தணிகாசலம் இரண்டு தடவை படித்தார். "இதோட உங்க தலைமைப் பதவி போயிடும்மா" என்றார். "போகட்டும் சார்" என்றாள். போகத்தான் போனது. ஆனால் பத்து நாளில் அறிக்கை திருத்தப்பட்டு வந்தது. வார்த்தைகள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். நாற்காலி ஒன்று மிச்சம் இருக்கிறதே.

அறிக்கை வந்த அன்றைக்குச் சாயங்காலம் சொர்ணமும் ஏஞ்சலும் அடையாறுக்கு வந்தார்கள். ஹம்சினிதான் கூப்பிட்டிருந்தாள். ஐந்து மணிக்குப் பலூன் போனது. ஆறே முக்காலுக்கு வெடித்தது. அன்றைக்கு முறையில் இருந்த பதிவாளர் பழக்கத்தில் ரிசீவரின் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். "இருக்கட்டும்" என்றாள் ஹம்சினி. அவர் டீ குடிக்கப் போய்விட்டார். மூன்று பெண்களும் சுவரோரம் நின்றார்கள். கபாலி கதவில் சாய்ந்து நின்றார். நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

எண்கள் இழைக்காமல் அப்படியே இறங்கின. இருபத்தெட்டாயிரம். இருபத்திரண்டாயிரம். பதினெட்டாயிரம். கோடு நீளமாகச் சரிந்து வந்து, பதினேழாயிரத்தில் குத்தித் திரும்பியது.

"அதா?" என்றார் சொர்ணம்.

"அதான்மா."

நாற்காலி கிறீச்சென்றது. குனிந்து பார்க்கிற சத்தம். ஏஞ்சல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சொர்ணம் அந்த வெறும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பயம் இல்லை. லேட்டாக வந்த ஆளைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்ப்போமே, அந்தப் பார்வைதான்.

பத்தாயிரம். நாலாயிரம். ஆயிரம். பெட்டி கடலுக்கு மேலே எங்கேயோ வந்துகொண்டிருந்தது. இருநூறு மீட்டருக்குக் கீழே வந்தால் அடிவானம் மறைத்துச் சத்தம் நின்றுபோகும்; எப்போதும் அப்படித்தான். அன்றைக்கு நிற்கவில்லை. நூற்றைம்பது, தொண்ணூறு, முப்பது, எட்டு. பூஜ்யம். பூஜ்யத்திலும் கொஞ்ச நேரம் ஒரே எண் மட்டும் வந்துகொண்டிருந்தது. இருபத்தேழு டிகிரி. தை மாதத்துக் கடல். பிறகு அதுவும் நின்றது.

அப்போது நாற்காலி கடைசியாக ஒரு தரம் சத்தம் போட்டது. இந்த முறை வேறு மாதிரி. ஓர் ஆள் எழுந்துகொண்டால் பலகை லேசாகி மூச்சுவிடுமே, அப்படி.

கபாலி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "எறங்கிட்டாரு" என்றார்.

கதவுக்குப் பின்னால் ஒரு துடைப்பம் சாய்ந்திருந்தது. சொர்ணம் போய் அதை எடுத்தார். யாரிடமும் கேட்கவில்லை. ரிசீவர் அறையின் வாசலை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும் நிதானமாகப் பெருக்கினார். பெருக்கி முடித்து நிமிர்ந்தபோது அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. "வூட்டுக்குப் போனா அங்க ஒரு லாரி மணல் கீது ஏஞ்சலு" என்றார். "உங்கப்பன் நல்லா வேல வெச்சிட்டுப் போயிட்டான்."

கபாலி கதவை இழுத்துப் பூட்டினார். அப்போது மணி ஏழு இருபத்தைந்து. "மேடம், ஸ்டோர்ல சொல்லிருங்க" என்றார். "பூட்டுக்கு இனிமே எண்ண வேணாம்."

அவ்வளவுதான் கண்ணுகளா. பொழுது போய்விட்டது, நீங்களும் வீட்டுக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து காலையில் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் அத்தனை பேரும், கடலோ ரோடோ ஆகாயமோ, போன இடத்தில் பேர் கெடாமல் இருந்து, நல்லபடியாக வீடு திரும்பட்டும். அவர்கள் வருகிற வரைக்கும் உங்கள் வீட்டில் ஒருவராவது விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கட்டும். வந்து சேர்ந்த பிறகு பெருக்குகிற வாசலாகவே உங்கள் வாசல் என்றைக்கும் இருக்கட்டும்.